கிரிட்டுக்கும் எர்த் வேண்டும், வீட்டுக்கும் எர்த் வேண்டும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம் ரேடியோ குழுவின் பாரதி பிரசாத் அங்கிருந்து வெளியுலகுக்குச் செய்தி சொன்னார். பேரிடரில் கைகொடுக்கும் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரம்பலூர், அரியலூர் இளைஞர்களும் வர வேண்டும். சிக்னலைப் பெருக்கப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை வாங்கியோ கட்டியோ இயக்க நினைப்பவர்கள் சட்டத்தையும் ஆபத்தையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமமும் வரம்பும்

12 வயது நிறைந்தவர்கள் ஹாம் தேர்வு எழுதலாம். உரிமம் தருவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு. ‘சரள் சஞ்சார்’ இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டுப்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 50 வாட், பொதுப் பிரிவினருக்கு 400 வாட் உச்ச வரம்பு. ‘3-500இசட்’ வால்வு இரண்டு பூட்டிய ஆம்ப்ளிஃபையர் ஆயிரம் வாட்டையும் தாண்டும். அதை முழுத் திறனில் ஓட்டுவது விதிமீறல். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம்.

கிரிட் ஏன் தரையில் இருக்க வேண்டும்?

கிரிட்டை எர்த் செய்த ஆம்ப்ளிஃபையரில் சிக்னல் வால்வின் கேத்தோடுக்குப் போகிறது. நடுவிலிருக்கும் கிரிட், எர்த் ஆகி, உள்ளீட்டையும் பிளேட்டையும் பிரிக்கும் திரையாகிறது. பிளேட்டில் 2,500 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். வயதான வால்வுக்குள் பிளேட்டிலிருந்து கிரிட்டுக்குத் தீப்பொறி பாய்வதுண்டு. கிரிட்டைக் கண்டென்சர் வழியாக மட்டும் எர்த் செய்திருந்தால், அது வெடித்து, உயர் அழுத்தம் கேத்தோடு வழியாக முன்னாலிருக்கும் ரேடியோ வரை வரக்கூடும். ஆகவே கிரிட் பின்களைக் குட்டையான, அகலமான செம்புப் பட்டையால் நேரே சேசிஸில், அதாவது உலோகச் சட்டத்தில், பிணையுங்கள். உயர் அழுத்த வழியில் ஃபியூஸும் மின்தடையும் இருக்கட்டும்.

சேசிஸுக்கு வீட்டு எர்த் இல்லையென்றால் இதனால் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மர் பழுதானால் சேசிஸே உயிர்ப்பாகிவிடும்; மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

நம் மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. கரிசல் கோடையில் வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகும். அரியலூரின் சுண்ணாம்புப் பாறையில் மின்சாரம் எளிதில் இறங்காது. எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றி, உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து எர்த் டெஸ்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஆன்டெனாவுக்குத் தனியே அடித்த எர்த் கம்பியை வீட்டு எர்த்துடன் இணையுங்கள். இடி மழை வரும் முன்பே ஆன்டெனா வயரைக் கழற்றிவிடுங்கள்.

டிரிப்பர் காப்பாற்றாது

வீட்டில் ஆர்சிசிபி டிரிப்பர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால், உயர் அழுத்தப் பக்கத்தில் நீங்கள் தொட்டால் அது உணராது. 2,500 வோல்ட்டில் 30 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஏறத்தாழ 94 ஜூல் சேமித்து வைத்திருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது கொல்லும்.

மூடியைத் திறக்கும் முன்:

• பிளக்கைப் பிடுங்குங்கள். அணைத்தால் மட்டும் போதாது.
• மீட்டர் பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுங்கள். கண்டென்சரை வடிக்கும் பிளீடர் மின்தடை எரிந்திருந்தால் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.
• சேசிஸில் இணைத்த காப்பிட்ட தடியால் கண்டென்சரைத் தொட்டு இறக்குங்கள். மீண்டும் ஒருமுறை செய்யுங்கள்.
• ஒரு கையால் வேலை செய்யுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

யாருக்காவது மின்சாரம் தாக்கினால் முதலில் மெயினை அணையுங்கள். பிறகே அவரைத் தொடுங்கள். மூச்சில்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108-ஐ அழையுங்கள்.

முறையிடும் வழி

மின்வாரியம் உங்கள் வளாகத்தில் எர்த் முனை தந்து பராமரிக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. இல்லையென்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில் 94987 94987 எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு, அதற்கும் மேல் மின்குறை தீர்ப்பாளர் உண்டு. உங்கள் ரேடியோ பக்கத்து வீட்டு டிவியைக் கெடுத்தால், அவர்கள் முறையிடும் உரிமையையும் மதியுங்கள்.

அவசர நாளில் ஊருக்கு உதவப் போகிறவர் தன் பெட்டியாலேயே உயிரிழக்கக் கூடாது. உரிமத்தை வாங்குங்கள், எர்த்தை அளந்து பாருங்கள், பிறகு மைக்கைத் தொடுங்கள்.