இந்திய மென்பொருட் கைத்தொழில்: அரசும் சந்தையும்

இந்திய மென்பொருட் கைத்தொழிலை 1991ஆம் ஆண்டுத் தாராளமயமாக்கலின் குழந்தையெனக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அரசு விலகி நின்றமையாற் சந்தை அதனை வளர்த்தெடுத்தது என்பதே இக்கூற்றின் உட்கிடை. வரலாறு இதற்கு இடந்தருவதாயில்லை.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குபடுத்தற் சட்டம், அந்நியக் கம்பனிகள் தமது பங்குடைமையைப் பொதுவாக 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டுமென விதித்தது. இணங்க மறுத்த ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறிற்று. மேலைநாடுகள் கழித்த பொறிகளைப் புதுக்கி இந்தியாவில் வாடகைக்கு விட்டுவந்த நிறுவனம் அது என்பதும் மறக்கத்தக்கதன்று. அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சீ.எம்.சி. எனும் அரச கூட்டுத்தாபனத்திடம் வந்தது. ஒரு நிறுவனத்தின் பிடி தளரவே, பல்வகைப் பொறிகளிலும் யுனிக்ஸ் முறைமையிலும் தேர்ந்த நிரலாளர் தலைமுறையொன்று உருவாயிற்று. அவர்களுட் பலரைப் பயிற்றியவை, 1951இற் கரக்பூரில் தொடங்கிய தொழில்நுட்பக் கழகம் முதலாக, மக்களின் வரிப்பணத்தில் இயங்கிய கல்விக்கூடங்களே.

இத்திறன் யாருக்குப் பயன்பட்டது என்பதே அடிப்படை வினா. 1985-86இல் சீ.எம்.சி. புதுடில்லியில் அமைத்த கணினிவழி ரயில் ஆசனப் பதிவு முறைமை, பேரேடுகளின் முன் நாட்கணக்கிற் காத்துநின்ற சாதாரண பிரயாணிகளின் துன்பத்தைப் பெரிதும் குறைத்தது. உள்நாட்டுத் தேவையை நோக்கிய பாதை அது. மற்றைய பாதை ஏற்றுமதிப் பாதை. 1974 அளவில் அமெரிக்காவின் பரோஸ் கம்பனிக்காக டாட்டா நிறுவனம் செய்த பணியுடன் அது தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் ஏற்றுமதியானது பெரும்பாலும் மென்பொருளன்று, நிரலாளரே. அவர்கள் விமானமேறிச் சென்று மணிக்கணக்கில் உழைத்தனர். இதற்குத் தொழிற்றுறையினரே ‘பொடி ஷொப்பிங்’ எனப் பெயரிட்டனர். உழைப்புச் சக்தி பண்டமாவதை விளக்க மார்க்ஸ் பல பக்கங்கள் எழுதவேண்டியிருந்தது. இவர்கள் இரு சொற்களிற் கூறிவிட்டனர்!

இவ்வேற்றுமதிப் பாதையையும் செப்பனிட்டது அரசுதான். 1984ஆம் ஆண்டுக் கணினிக் கொள்கை இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்தது. 1985இற் பெங்களூருக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனிக்குச் செய்மதித் தொடர்பு கிடைத்தது. 1991இல் மென்பொருட் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கான அரச நிறுவனம் தோன்றிற்று. அப்பூங்காக்களின் ஏற்றுமதி இலாபத்துக்கான வரிவிலக்கு 2011 வரை நீடித்தது. எனவே, அரசு விலகவில்லை. தான் யாருக்குத் துணைநிற்பது என்பதையே மாற்றிக்கொண்டது.

மொழித்துறையினர் இதில் ஒன்றை நோக்குதல் வேண்டும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றுவதற்கான குறியீட்டுத் தராதரம் 1991இல் ஏற்கப்பட்டபோது, அதற்கு அடிகோலியவை அரச ஆய்வுக்கூடங்களே. ஆங்கிலத்தில் இயங்கி டொலரில் வருவாய் ஈட்டிய ஏற்றுமதிக் கம்பனிகளுக்கு அத்தேவை எழவில்லை.

ரயில் ஆசனப் பதிவினை அமைத்த சீ.எம்.சி.யின் 51 சதவீதப் பங்குகளும் முகாமையும் 2001இல் டாட்டா குழுமத்துக்குக் கைமாறின. 2015இல் அது டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் கம்பனியுடன் இணைக்கப்பட்டது.