தண்ணீர் நிறம் மாறும் வேளை

வெள்ளிக்கிழமை நள்ளிரவில் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேராகப் பாட்டும் கூத்துமாகப் புறப்பட்டு, அவிசாவளையில் தேநீர் அருந்தி, கித்துல்கலையில் பொழுது புலரக் கண்டு, கினிகத்தேனையின் குளிர்காற்று முகத்தில் அடிக்கும்போது தூக்கம் கலைந்து, ஹட்டன் நகரில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, பகலில் இரண்டு மூன்று அருவிகளையும் மறுநாள் ஒரு மலையையும் பார்த்துவிட்டு ஞாயிறு இரவே வீடு திரும்பிவிடுவது என்பது இக்காலத்து இளைஞரிடையே ஒரு நித்திய கைங்கரியமாகவே ஆகிவிட்டது.

அவ்வாறு வருவோரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 97 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளி நூலாய் இறங்கும் டெவன் அருவியையும், அதற்குச் சிறிது தூரத்தில் 80 மீற்றர் உயரமும் அகன்ற மார்பும் கொண்ட சென் கிளேயரையும், கினிகத்தேனைப் பக்கத்துக் காட்டில் ஒளிந்திருக்கும் அபர்டீனையும் ஒருமுறை கண்டவர் மறுமுறையும் வர விரும்புவது மனித சுபாவம். இலங்கைப் பிரஜை ஒவ்வொருவருக்கும் நாட்டினுள் எங்கும் சஞ்சரிக்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அங்கீகரித்தும் இருக்கிறது. ஆயினும் இந்த உல்லாசத்தின் விலையைப் பல சமயங்களில் உல்லாசத்தில் பங்கே இல்லாதவர்கள் கொடுக்க நேர்கிறது என்பதை, இம்மலைப் பகுதியில் நெடுங்காலம் வசிப்பவன் என்ற முறையில், சொல்லியாக வேண்டியிருக்கிறது.

2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை, பாடசாலைச் சுற்றுலா முடித்து மாணவர்களுடன் நுவரெலியாவிலிருந்து திரும்பிய பஸ் ஒன்று நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையின் இறக்கத்தில் எதிரே வந்த வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியது. மாண்டவர்கள் ஏழு பேர். அந்த எழுவரும் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்தவர்கள். உல்லாசப் பயணமோ அன்றாடப் பயணமோ, மலைப்பாதைக்குப் பேதமில்லை. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லயில் பயணிகள் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில், உல்லாசப் பயணம் முடித்துத் திரும்பிய பஸ் ஒன்று பாதாளத்தில் கவிழ்ந்து 15 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே வாகனத்துக்குச் சோதனை. சமவெளியில் ஓட்டிப் பழகிய சாரதி, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே மைல் கணக்காக இறங்குவார். தகடுகள் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்து, கடைசியில் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். அப்பொழுது அவர் எந்தத் தெய்வத்தை அழைத்தும் பிரயோசனமில்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலையகச் சாரதிகளின் பாலபாடம். ஒட்டோ கியர் வாகனத்திலும் ‘எல்’ என்ற எழுத்து இதற்காகவே இருக்கிறது. ஆனால் அதன் உபயோகம் இன்னதென்று அறியாமலே வாகனம் வைத்திருப்போர் அநேகர். ரப்பர் கருகுவதுபோல் நாற்றம் வந்தால் ஓரங்கட்டி நிறுத்தி, தானாக ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். தண்ணீரை அள்ளி ஊற்றினால் கொதிக்கும் தகடு வெடித்துப்போகக்கூடும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் உறவினர் ஒருவர் அமர்த்தி வந்த வேனின் சாரதியை, அவர் கண்கள் சிவந்திருந்ததைக் கவனித்து, “எப்பத் தூங்கினீங்க தம்பி?” என்று கேட்டேன். “ரெண்டு நாளா ஹயர் ஐயா, ஒரு பிளேன்டீ குடிச்சா சரியாப் போயிரும்” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. வேனில் வந்தவர்கள் என்மேல் கோபித்தாலும் பரவாயில்லையென்று அவரை எங்கள் வீட்டு முன்கட்டில் பாய் விரித்துப் படுக்கவைத்தேன். மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினார்.

அமர்த்துகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. வருமான உத்தரவுப் பத்திரமும் காப்புறுதிச் சான்றிதழும் காலாவதியாகாதவையா, அந்தக் காப்புறுதி சொந்தப் பாவனைக்கு எடுக்கப்பட்டதா அன்றி வாடகை ஓட்டத்துக்கும் செல்லுபடியாகுமா என்பதை முற்பணம் கொடுக்குமுன் விசாரிப்பது அநாகரிகமன்று. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனை வாடகைக்கு ஓட்டி விபத்தில் சிக்கினால், நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு. இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு வருஷக்கணக்காக நீதிமன்றப் படியேறியவர்களை நான் அறிவேன்.

விபத்து நேர்ந்துவிட்டால் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும், பொலிசுக்கு 119. ஹட்டன் வட்டாரத்தில் நேர்ந்தால் பெரும்பாலும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கே கொண்டுபோவார்கள். அதன்பிறகு பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் பதியும் கட்டம் ஒன்று வரும். நம்மவர் பெரும்பாலோர் தவறு செய்வது அங்கேதான். துக்கமும் களைப்புமாக நிற்பவரிடம் சிங்களத்தில் எழுதிய பக்கத்தை நீட்டி ஒப்பமிடச் சொன்னால், என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே கையெழுத்திட்டுவிடுகிறார். தமிழில் முறைப்பாடு செய்வது சலுகையன்று, அரசியலமைப்பு தந்த உரிமை. வேற்று மொழியில் எழுதப்பட்டதாயின் அதை வாசித்து விளங்கப்படுத்தும்படி கேட்டு, சரியென்று கண்ட பின்னரே ஒப்பமிட வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வரலாகாது. பிறருடைய கவனயீனத்தால் ஏற்பட்ட காயத்துக்கும் நஷ்டத்துக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோருவதாயின் இரண்டு வருஷங்களுக்குள் வழக்கிட வேண்டும். அந்தத் தவணை கடந்தால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பயனில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இனித் தண்ணீரின் விஷயம். அழகுக்கும் அபாயத்துக்கும் இங்கே காரணம் ஒன்றே: செங்குத்தான மலைச்சரிவும் அதன் உச்சியில் பெய்கிற மழையும். ஒருநாள் நோட்டன் பாதையை அடுத்த ஓர் ஓடையருகே நின்றிருந்தேன். நல்ல வெயில். சிறியதோர் அருவியின் கீழே, பாறைகளுக்கிடையே தேங்கிய தடாகத்தில் கொழும்புப் பையன்கள் ஐவர், சப்பாத்துகளையும் சட்டைகளையும் ஒரு தட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு ஆனந்தமாக நீராடிக்கொண்டிருந்தார்கள். புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து மேட்டுப் பாதையில் வந்த தோட்டத்து மூதாட்டி ஒருவர் நின்று, தண்ணீரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சுமையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்: “ஏறி வாங்க சாமி! தண்ணி நெறம் மாறுது!” பையன்களில் ஒருவன் கையசைத்து, “பாட்டி, வெயில் அடிக்குது பாருங்க!” என்றான். “இங்க அடிக்கும்டா, மேல கொட்டுது! ஏறு, ஏறு!” என்ற குரலில் இருந்த அதட்டலுக்குப் பணிந்துதான் அவர்கள் கரையேறினார்களே தவிர, அவர் சொன்னதன் காரியகாரணம் விளங்கியல்ல. அரை மணி நேரத்துக்குள் அந்தத் தட்டைக் கல்லைக் காணவில்லை. சப்பாத்துகளும் கூடவே போய்விட்டன.

அவர் கண்டது இதுதான்: பளிங்குபோல் ஓடிய நீரில் இலேசான தேயிலைச் சாயம், இரண்டொரு பச்சை இலைகள், ஒடிந்த சுள்ளிகள், சத்தத்தில் ஒரு கனம். மேல்மலையில் பெய்த மழை நாலைந்து மைல் ஓடி வரும். குளிப்பவன் தலைக்குமேலே மேகமே இராது. இந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை விட்டுவிட்டு அருகிலுள்ள கரையில் ஏற வேண்டும். நடுப்பாறையில் அகப்பட்டுக்கொண்டால் கடக்க முயலாமல் உயரமான இடத்தில் நின்று உதவிக்கு அழைப்பதே விவேகம். அருவியின் நேர் கீழேயுள்ள வெள்ளை நுரையில் நீச்சல் வித்தை பலிக்காது. காற்றுக் கலந்த தண்ணீர் ஆளைத் தாங்குவதில்லை, சுழல் வேறு கீழே அமுக்கும். ஒருவன் மூழ்கும்போது பின்னால் குதித்து இருவராகப் போவதைத் தவிர்த்து, கயிறோ, முடிச்சிட்ட சாரங்களோ, மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கேனோ எறிவது நலம். மதுபானத்தைப் பற்றி நான் தனியே எழுத வேண்டியதில்லை. பாறைகளிடையே கிடக்கும் போத்தல்கள் எழுதுகின்றன.

மழையின்றியும் வெள்ளம் வரும் ஆறுகள் இவை. 1965இல் நிறைவெய்திய காசல்ரீயும் 1969இல் நிறைவெய்திய மவுசாகலையும், அவற்றின் கீழே கென்யன், நோட்டன், லக்ஷபான நீர்த்தேக்கங்களும் மின்சாரத்துக்காக நீரைப் பிடித்து விடுகின்றன. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை சென் கிளேயருக்கு மேலே இருப்பதால், வான்கதவுகள் திறக்கப்படும் நாளில் அந்த அருவியின் அடிவாரம் சிறிது நேரத்துக்குள் உருமாறிவிடும். கித்துல்கலையில் படகோட்டத்துக்குச் செல்வோரும் களனி கங்கையின் மட்டம் மின்நிலையங்களின் இயக்கத்தோடு ஏறியிறங்குவதை அறிந்து, உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் இல்லாத படகில் ஏற மறுக்க வேண்டும். அணைக்குக் கீழே சைரன் ஒலி கேட்டால், அது வேடிக்கைக்கல்ல.

மலையேற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணியிலிருந்து ஏறும் படிவழி, மார்கழிப் போயா முதல் வெசாக் போயா வரையான யாத்திரைக் காலத்தில் விளக்கும் கடைகளும் ஜனக்கூட்டமுமாக இருக்கும். ஏனைய மாதங்களில் இருளும் மழையும் அட்டையுமே துணை. இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் ஏறலாகாது. மலைகளிடையே வழி பிசகுவதன் அபாயத்துக்கு ஒரு பிரமாணம் போதும்: 1974 டிசம்பர் 4ஆம் திகதி இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் ஏர் விமானம், இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்து நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். கருவிகளோடு பறந்தவர்களுக்கே அப்படியாயின், கைத்தொலைபேசி வரைபடத்தை நம்பி அதே மலைக்கு ஏறுகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துச் செல்வதில் என்ன கௌரவக் குறைவு? 2023 ஜூலையில் அலகல்ல மலைக்குத் தனியே போன டென்மார்க் நாட்டுப் பெண்ணொருவர் சடலமாகவே மீட்கப்பட்டார். எந்த மலைக்கு எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்குமிடத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனால் தேடுகிறவர்களுக்கு ஒரு திசையாவது தெரியும். தேயிலை மலையில் குளவிக் கூட்டைக் கண்டால் கல்லெறியாமல், புகைமூட்டாமல் விலகுங்கள். நீங்கள் கலைத்துவிட்டுப் போன கூடு, மறுநாள் கொழுந்து பறிக்க வரும் பெண்களைக் கொட்டும்.

மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் மஞ்சள், 100 கடந்தால் செம்மஞ்சள், 150 கடந்தால் சிவப்பு, சிவப்பென்றால் வெளியேற வேண்டும் என்று பொருள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது இந்த மலைச்சரிவுகள் பட்ட பாட்டைக் கண்டவர்கள் அந்நிறங்களை இலேசாக எண்ணமாட்டார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைப் புறப்படுமுன் அழைத்து விசாரிக்கலாம். பாதை மூடியதால் பயணம் ரத்தானால் முற்பணம் திரும்புமா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அச்சிட்ட விலைக்கு மேலே தண்ணீர்ப் போத்தலை விற்பதும், கேட்டும் பற்றுச்சீட்டுத் தர மறுப்பதும் குற்றங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. வெளிநாட்டாருக்கு மட்டுமே என்று கடையிலோ ஹோட்டலிலோ உங்களைத் தடுத்தால், இனம், மதம், மொழி, சாதி ஆகியவற்றின் பேரால் அத்தகைய இடங்களில் எவரையும் தடுக்கலாகாதென்று அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கூறுவதை நினைவூட்டலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதவும் செய்யலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் எழுதுவது உத்தமம்.

வருகிறவர்களுக்கு உரிமை இருப்பதுபோல் இருக்கிறவர்களுக்கும் உண்டு. நீங்கள் சவர்க்காரம் தேய்த்துக் குளிக்கும் ஓடையிலிருந்துதான் கீழே பல லயங்களுக்குக் குழாய் வழியாகக் குடிநீர் போகிறது. அருவிக்குச் செல்லும் தோட்டப் பாதை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலுள்ளது. காரியாலயத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் காவற்காரரோடு தர்க்கம் நேராது. கூடையோடு நிற்கும் பெண்ணைக் கேளாமல் படம் பிடிப்பதும், லயத்து வாசலில் உலரும் துணிகளை ‘இயற்கைக் காட்சி’ என்று எடுத்துப் போவதும் எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவுக்குள் வரும் என்று நான் ஆராயப் போவதில்லை; உங்கள் வீட்டு வாசலில் அதை எவராவது செய்தால் என்ன சொல்வீர்களோ அதையே அவர்களும் சொல்லக்கூடும்.

அன்றைக்குச் சப்பாத்தை இழந்த ஐவரும் அந்த மூதாட்டியின் லயத்துக்குப் போய்த் தேநீர் குடித்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய ஐந்து சோடி ரப்பர் செருப்புகளை, அளவு பொருந்தாமலே மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். அவற்றைத் திருப்பி அனுப்புவதற்காகத் தோட்டத்தின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் ஒரு பையன் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதி வாங்கியதை நான் பார்த்தேன். இரண்டு மாதங்களுக்குப் பின் அதே மேட்டுப் பாதையில் மூதாட்டியைச் சந்தித்தபோது, வெறுங்காலோடு புல்லுக்கட்டைச் சுமந்து வந்துகொண்டிருந்தார்.