நானோ என்றால் நம்பிவிடலாமா?

2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டு பலரது கைக்கு வருவதற்கு முன்பே, அதைப் பற்றிய கதை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. நோட்டுக்குள் 'நானோ ஜி.பி.எஸ். சிப்' இருக்கிறதாம், பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடுமாம். சில இந்தித் தொலைக்காட்சிகள் அதைச் செய்தியாகவே வாசித்தன. அப்படி எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி மறுக்க வேண்டியதாயிற்று. ஜி.பி.எஸ். கருவி இயங்க மின்சாரம் வேண்டும், அதன் சமிக்ஞை மண்ணைத் தாண்டி மேலே வர வேண்டும். காகித நோட்டில் இரண்டுக்கும் வழியில்லை. ஆனால் 'நானோ' என்று முன்னால் ஒட்டியதும், அது எப்படி முடியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்று அதே சொல் உரப் புட்டியில் இருக்கிறது; சன்ஸ்கிரீன், தண்ணீர் வடிகட்டி, கைபேசித் திரைப் பூச்சு, சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விற்கப்படும் சொட்டு மருந்து என எங்கும் இருக்கிறது. இவற்றில் சில உண்மையான அறிவியல். சில, பெயரை மட்டும் வைத்து நடக்கும் வியாபாரம். இரண்டையும் ஓரளவு பிரித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. தேடும் இடங்களில் பெரும்பாலானவை இலவசம்.

சிறிதானால் குணம் மாறும்

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களைத்தான் நானோ துகள்கள் என்கிறார்கள். கல் உப்பைவிடத் தூள் உப்பு சீக்கிரம் கரைவதுபோல, துகள் சிறுக்கச் சிறுக்க வெளிப்பரப்பு கூடி, பொருள் வேகமாக வினைபுரிகிறது. நிறம்கூட மாறும்: நானோ அளவிலான தங்கத் துகள்கள் தண்ணீரில் சிவப்பாகத் தெரியும்.

பயனும் இதிலிருந்துதான் வருகிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி.பிரதீப்பின் குழு, குடிநீரில் கலந்த பூச்சிக்கொல்லியை நானோ வெள்ளியைக் கொண்டு நீக்கும் வடிகட்டியை உருவாக்கியது. ஆர்செனிக்கை நீக்கும் முறையையும் கண்டது. ஃபைசர், மாடர்னா நிறுவனங்களின் கொரோனா தடுப்பூசிகளில் மருந்தைச் சுமந்து சென்றவை கொழுப்பு நானோ துகள்கள். கீழடிப் பானை ஓடுகளின் கரும்பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020இல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். செய்தவர்கள் அறியாமலே, சூளையின் வெப்பத்தில் அவை உருவாகியிருக்கலாம்.

ஆபத்துக்கும் காரணம் அதே குணம்தான். நீளமான கார்பன் நானோ குழாய்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்தியபோது, கல்நார் ஏற்படுத்துவது போன்ற அழற்சி உண்டானதாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. 2014இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு குறிப்பிட்ட வகைப் பல்சுவர் நானோ குழாயை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளது' என்று வகைப்படுத்தியது. இதனால் டென்னிஸ் மட்டைக்குள் இறுகிக் கிடக்கும் நானோ குழாயைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தூளாகக் கொட்டி, கலந்து, அள்ளும் தொழிலாளியின் மூச்சுக்காற்றுதான் கவலைக்குரியது. அமெரிக்காவின் பணியிட நலவாழ்வு நிறுவனம் 2013இல் இதற்குப் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம். சன்ஸ்கிரீனிலும் இதே கணக்குதான். தோலில் பூசும் கிரீமில் நானோ டைட்டானியம் டை ஆக்சைடைப் பயன்படுத்தலாம் என்ற ஐரோப்பிய அறிவியல் குழு, நுரையீரலுக்குள் போகக்கூடிய ஸ்பிரேக்களில் அதைச் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை.

எல்லாவற்றிலும் நிபுணர்கள் ஒத்துப்போவதும் இல்லை. மிட்டாய்க்கு வெண்மை தரும் இ171 என்ற டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு பகுதி நானோ அளவில் இருக்கும். மரபணுவுக்குத் தீங்கு செய்யாது என்று உறுதி சொல்ல முடியவில்லை என 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூற, 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடை செய்தது. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, 2023இல் தன் பழைய அனுமதியை மாற்றத் தேவையில்லை என்று முடிவு செய்தது.

பெயரில் மட்டும் நானோ

2006 மார்ச்சில் ஜெர்மனியில் 'மேஜிக் நானோ' என்ற குளியலறை ஸ்பிரே விற்பனைக்கு வந்தது. சில நாட்களுக்குள் சுமார் நூறு பேர் இருமலும் மூச்சுத்திணறலுமாகப் புகார் செய்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துச் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நிறுவனம் பொருளைத் திரும்பப் பெற்றது. நானோ தொழில்நுட்பத்தின் முதல் விபத்து என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. பிறகு சோதித்த ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், அந்த ஸ்பிரேயில் நானோ துகள்களே இல்லை என்றது. மக்கள் பாதிக்கப்பட்டது உண்மை, பெயர்தான் பொய்.

இது ஒற்றை நிகழ்வு அல்ல. வாஷிங்டனின் உட்ரோ வில்சன் மையம் 2005இல் நானோ நுகர்பொருள்களின் பட்டியல் ஒன்றைத் தொடங்கியபோது அதில் 54 பொருள்கள் இருந்தன. 2015இல் வெளியான மறுஆய்வின்போது அது 1,814 ஆகியிருந்தது. அவற்றில் 71 சதவீதப் பொருள்களுக்கு, நானோ இருப்பதாகச் சொன்னதை உறுதிப்படுத்தும் அளவுக்குத் தகவல் இல்லை.

ஐரோப்பாவில் 2013 ஜூலை முதல், அழகுசாதனப் பொருளில் நானோ சேர்மானம் இருந்தால் அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'நானோ' என்று அச்சிட்டாக வேண்டும். இந்தியாவில் நானோவுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2019இல் நானோ மருந்துகளுக்கும், 2020இல் நானோ வேளாண் இடுபொருள், உணவுப் பொருள்களுக்கும் மத்திய அரசு மதிப்பீட்டு வழிகாட்டிகளை வெளியிட்டது. அவை உற்பத்தியாளரும் ஒழுங்குமுறை அதிகாரிகளும் பின்பற்ற வேண்டியவை. கடையில் நிற்பவருக்கு லேபிள்தான் மிஞ்சுகிறது.

ஒரு புட்டி, ஒரு மூட்டை

லேபிளை எப்படிப் படிப்பது என்பதற்குத் தமிழக விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த உதாரணம் நானோ யூரியா. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் இஃப்கோ கூட்டுறவு நிறுவனத்தால் அறிமுகமானது. 500 மில்லி புட்டி ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்பது விளம்பரம்.

அன்று புட்டியில் அச்சிட்டிருந்த தழைச்சத்து 4 சதவீதம். அரை லிட்டரில் 20 கிராம். மூட்டை யூரியாவில் 46 சதவீதம். 45 கிலோவில் 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். இலை வழியாகக் கொடுப்பதால் வீணாவது குறையும், அதனால் ஈடாகும் என்பது நிறுவனத்தின் வாதம். 94 பயிர்களில், சுமார் 11,000 விவசாயிகளின் வயல்களில் சோதித்ததில் விளைச்சல் சராசரியாக 8 சதவீதம் கூடியதாகவும் அது சொன்னது. ஆனால் மண்ணில் இடும் யூரியா முழுவதும் வீணாவதில்லை. பயிர் அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. 20 கிராம் அதை எப்படி ஈடுகட்டும் என்று கேட்டு, 2023இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஃபிராங்க், சோரன் ஹஸ்டெட் இருவரும் 'பிளான்ட் அண்டு சாயில்' இதழில் கடுமையாக எழுதினார்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆண்டு வயல் ஆய்விலும், வழக்கமான யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்தபோது நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது. இஃப்கோ இந்த விமர்சனங்களை ஏற்கவில்லை. தழைச்சத்தைக் கூட்டிய புதிய வகையும் பின்னர் சந்தைக்கு வந்தது.

விஞ்ஞானிகளின் வாதம் ஒருபுறம் நடக்கட்டும். மானிய யூரியா கேட்டுப் போனவரிடம் 'புட்டியும் வாங்கினால்தான் மூட்டை' என்று சில கடைகளில் சொல்வதாகப் பல மாநிலங்களிலும் புகார் எழுந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, ஒரு பொருளை வாங்க இன்னொன்றை வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவது கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. வேண்டாம் என்று சொல்ல விவசாயிக்கு உரிமை உண்டு. இருப்பையும் விலையையும் கடையில் எழுதிப் போடுவதும், பில் கொடுப்பதும் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி கடைக்காரரின் கடமை.

எங்கே தேடுவது?

'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால், எந்த ஆராய்ச்சி என்று கேட்டு வாங்குவது முதல் வேலை. பெயர் கிடைத்ததும் கூகுள் ஸ்காலரிலும், உடல்நலம் சார்ந்ததாக இருந்தால் பப்மெட்டிலும் தேடலாம். முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டாலும் சுருக்கம் இலவசம். அதில் பார்க்க வேண்டியது: யார் செய்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை பருவம் சோதித்தார்கள். யூரியாவே போடாத வயலோடு ஒப்பிட்டால் எந்த உரமும் நன்றாகத்தான் தெரியும். வழக்கமாகப் போடும் அளவோடு ஒப்பிட்டார்களா என்பதே கேள்வி. கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டதா என்பதை 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தரவுத்தளம் காட்டும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்திலும், வேளாண் ஆய்வேடுகள் 'கிரிஷிகோஷ்' தளத்திலும் உள்ளன. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், அரசுக் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்கள் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்கலாம். ஊரில் அப்படி ஒரு மாணவர் இருந்தால் கட்டுரையை எடுத்துத் தரச் சொல்லலாம். பாதுகாப்பு பற்றிய விவரங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நானோபொருள் கண்காணிப்பகமும், டென்மார்க் நுகர்வோர் அமைப்பும் அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நடத்தும் நானோ தரவுத்தளமும் உண்டு. அடிப்படைப் பாடங்களுக்கு அமெரிக்காவின் 'நானோஹப்' போதும். வேளாண் பொருள் என்றால் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலேயே நானோ தொழில்நுட்ப மையம் இருக்கிறது.

'காப்புரிமை பெற்றது' என்ற வாசகத்தில் மயங்க வேண்டாம். காப்புரிமை என்பது கண்டுபிடிப்பு புதியது என்பதற்கான சான்று. வயலில் பலன் தரும் என்றோ உடலுக்குத் தீங்கில்லை என்றோ அது சொல்வதில்லை. நானோ வெள்ளி கலந்த குடிநீர்மம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது விற்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெள்ளி உடலில் தேங்கினால் தோல் சாம்பல் நீலமாக மாறும். மீண்டும் பழைய நிறத்துக்குத் திரும்புவது அரிது. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மாய நிவாரணங்கள் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

தேடியும் கிடைக்காததை அரசிடம் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் 10 ரூபாய் கட்டணத்தில் மனு. 30 நாளில் பதில். தனியார் நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் வேறு சட்டத்தின்படி அரசு அந்த நிறுவனத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை அரசிடம் கேட்கலாம். 'நானோ உரம் நல்லதா?' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த உரத்தை ஆணையில் சேர்க்கும் முன் எந்தெந்த மையங்களில், எத்தனை பருவம் சோதிக்கப்பட்டது? அறிக்கைகளின் நகல் தருக' என்று கேட்க வேண்டும். வணிக ரகசியம் என்று மறுத்தால், பெரும் பொதுநலன் இருப்பதைக் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

தொழிலாளிக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. போபால் விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதே, வேலையிட ஆபத்துகளைத் தெரிந்துகொள்ளும் உரிமை அதில் எழுதப்பட்டது. தான் கையாளும் தூளின் பாதுகாப்புத் தரவுத் தாளை அவர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

ஏமாந்தால் என்ன செய்யலாம்?

நுகர்வோர் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. தகுந்த சோதனையின்றிப் பொருளின் பலனுக்கு உத்தரவாதம் தருவது நேர்மையற்ற வணிக நடைமுறை. 'சோதித்துத்தான் சொன்னோம்' என்று நிறுவனம் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. துகளின் அளவைக் காட்ட மின்னணு நுண்ணோக்கிக்கு வாங்கியவர் அலைய வேண்டியதில்லை. தேவைப்பட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். விவசாயியும் நுகர்வோரே என்பதை, விதை வழக்கு ஒன்றில் 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். உரம் தொடர்பானது என்றால் வேளாண் உதவி இயக்குநரிடமும், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். விளம்பரமே பொய் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பில், தொகுதி எண் தெரியும்படி லேபிளின் படம், விளம்பரத்தின் நகல், பயிர் அல்லது உடல் பாதிப்பின் தேதியிட்ட படங்கள், முடிந்தால் புட்டியில் மிச்சமிருப்பது ஆகியவற்றோடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாகியிருக்க வேண்டும்.