பாட்டுப் புத்தகமும் நினைவுச் சான்றும்

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் ஏட்டுச் சுவடியையும் கல்வெட்டையும் சான்றாகக் கொள்வர். ஒருவர் தம் இளமையைப் பற்றிக் கூறும் கூற்றைச் சான்றாகக் கொள்ளத் தயங்குவர். அத்தயக்கம் காரணமற்றதன்று. முதுமையில் நினைக்கப்படும் இளமை இனிமை மிகுந்தே தோன்றும், ஆண்டு பிறழும், ஊர் மாறும், இரு நிகழ்ச்சிகள் ஒன்றாய் இணையும். ஆயினும் 1940 முதல் 1965 வரையிலான காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்தோர் எதைக் கண்டனர், எதைக் கேட்டனர், எவ்வாறு உடுத்தனர், எப்பாட்டைப் பாடினர் என்பவற்றை அறிய விழைவார்க்கு, அவர்தம் நினைவன்றிப் பெருஞ்சான்று வேறில்லை. ஊர்தோறும் கூடாரமடித்துப் படம் காட்டிய கொட்டகைகள் தம் வரலாற்றை எழுதி வைத்துச் செல்லவில்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ படச்சுருளே இன்று நமக்குக் கிட்டவில்லையெனின், பிறவற்றைக் கூறவேண்டா.

ஆகவே, நினைவைத் தள்ளுவதா கொள்ளுவதா என்பது வினாவன்று. அதனை எதனோடு ஒப்பிட்டு ஆராய்வது என்பதே வினா. அவ்வொப்பீட்டிற்கு உரிய கருவியாகத் திரைப்படப் பாட்டுப் புத்தகம் பயன்படும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாட்டுப் புத்தகத்தின் அமைப்பு

இன்றைய மாணவருள் பலர் பாட்டுப் புத்தகத்தைக் கண்டிருத்தல் அரிது. சில தாள்களே கொண்ட சிறு நூல் அது. மலிவான தாளில் அச்சிட்டு நடுவில் தைக்கப்பட்டது. மேலட்டையில் நாயகன் நாயகியர் படம் இருக்கும். உள்ளே நடிகர் பெயர்ப் பட்டியலும், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்ப் பட்டியலும் இருக்கும். அவற்றை அடுத்துக் கதைச் சுருக்கம் வரும். அச்சுருக்கம் கதையின் முடிச்சு இறுகும் இடத்தில் நின்றுவிடும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்பது அங்கு நிற்கும் வழக்கமான தொடர். பின்னர்ப் பாடல்கள் கதையில் வரும் முறையே அமையும். பின்னட்டை விளம்பரத்திற்கு உரியது.

1930களிலும் 1940களிலும் வந்த புத்தகங்களுள் பலவற்றில் பாடல்தோறும் இராகமும் தாளமும் தலைப்பில் குறிக்கப்பட்டன. இது நாடக மேடைப் பாட்டுப் புத்தகத்தினின்றும் வந்த மரபு. பின்னாளில் அக்குறிப்பு மறைந்தது. நாடகத்தின் பிள்ளையாய்ப் பிறந்த திரைப்பாடல் தனக்கெனத் தனியியல்பு பெற்ற வரலாற்றை இவ்வொரு மாற்றமே காட்டி நிற்கிறது.

இந்நூல் விற்கப்பட்ட முறையும் அறியத்தக்கது. கூடாரக் கொட்டகைகளில் பெரும்பாலும் ஒரே படக்காட்டுப் பொறி இருந்தமையின், சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை விடவேண்டியிருந்தது. மணல்தரையில் அமர்ந்திருந்தோரிடையே முறுக்கும் கடலையும் விற்ற சிறுவர் பாட்டுப் புத்தகத்தையும் கூவி விற்றது அவ்விடைவேளைகளில்தான். படம் ஊரை விட்டுப் போகும். புத்தகம் வீட்டில் தங்கும். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாதார் கேட்டுப் பாடம் செய்வர். பள்ளிப் பாடநூல் ஒழிந்தால் இஃதொன்றே அச்சு நூலாய் இருந்த இல்லங்களும் உண்டு. எனவே இதனைத் திரைப்படத்தின் துணைப்பொருள் என்று மட்டும் கருதாது, தமிழ் மக்களின் வாசிப்பு வரலாற்றின் ஓர் உறுப்பாகவும் கருதல் வேண்டும்.

காலங் கணிக்கும் முறை

இப்புத்தகங்களுட் பலவற்றில் அச்சிட்ட ஆண்டு குறிக்கப்படவில்லை. எனினும் அகச்சான்றுகளால் காலத்தை ஒருவாறு வரையறுக்கலாம்.

முதற்சான்று விலை. 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்கூற்று நாணயமுறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ‘அணா’ என்றும், பின் ‘நயா பைசா’ என்றும் விலை அச்சாயிற்று. 1964 ஜூன் முதல் ‘நயா’ என்னும் அடை நீங்கி, ‘பைசா’ மட்டும் நின்றது. ஓரணாவிற்கு 6 நயா பைசாவும், இரண்டணாவிற்கு 12 நயா பைசாவும் ஈடாகக் கொள்ளப்பட்டன. ஆதலின் 6, 12 என்னும் எண்களில் விலை காணப்படின், அவை பழைய அணாக் கணக்கின் எச்சம் எனத் துணியலாம். விலை அச்சில் உள்ளதா, பின்னர் இரப்பர் முத்திரையால் மாற்றப்பட்டதா என்பதையும் நோக்குதல் வேண்டும். முத்திரை விற்ற காலத்தைக் காட்டுமேயன்றி, அச்சிட்ட காலத்தைக் காட்டாது.

இரண்டாவது சான்று எழுத்து. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் முன்னே தும்பிக்கை போன்ற வளைவு கொண்ட பழைய வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றின் பழைய கூட்டு வடிவமும் 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பிக்கும் வரை பொதுவழக்கில் இருந்தன. மூன்றாவது சான்று முகவரி: ‘சென்னை ராஜதானி’ என்பது 1950க்கு முற்பட்டது, மாநிலத்தின் பெயராகத் ‘தமிழ்நாடு’ சட்டப்படி வழங்கியது 1969 ஜனவரி 14 முதல். நான்காவது சான்று சொல்லாட்சி. ‘சம்பாஷணை’ என்றிருந்தது ‘வசனம்’ என்றும் ‘உரையாடல்’ என்றும் மாறியது, ‘சங்கீதம்’ ‘இசை’யாயிற்று, ‘டைரக்‌ஷன்’ ‘இயக்கம்’ ஆயிற்று. ஆனால் இம்மாற்றம் எல்லா நிறுவனங்களிலும் ஒருங்கே நிகழ்ந்ததன்று. ஆகலின் சொல்லாட்சியைத் துணைச்சான்றாகவே கொள்ளல் முறை.

இவற்றால் பெறப்படுவது அச்சிட்ட காலமேயன்றிப் படம் வெளிவந்த காலமன்று. பழைய படங்கள் மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டன. அப்போதெல்லாம் புத்தகமும் மறுபதிப்புப் பெறுதல் உண்டு. நூல் எழுந்த காலம் வேறு, படி எடுத்த காலம் வேறு என்பது சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்குப் புதிதன்று.

முடியும் உடையும் குறித்த சொற்கள்

நினைவு கூறுவோர் ஆண்டில் தவறினும், பொருளில் பெரும்பாலும் தவறுவதில்லை என்பதற்கு ஒரு சொல்லைக் காட்டுவோம். எம்.கே. தியாகராச பாகவதர் 1934இல் ‘பவளக்கொடி’ வாயிலாகத் திரைக்கு வந்தவர். 1944 தீபாவளிக்கு வெளிவந்த அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னைப் பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பின்னோக்கி வாரிப் பிடரியளவும் விடப்பட்ட அவர்தம் முடியைப் பின்பற்றி இளைஞர் வளர்த்த முடி ‘பாகவதர் கிராப்பு’ எனப்பட்டது. அக்காலத்தைப் பற்றிப் பேசும் முதியோர் பலரும் இச்சொல்லைத் தாமாகவே கூறக் கேட்கிறோம். அவர் கூறும் அம்முடியின் வடிவத்தைப் பாட்டுப் புத்தக மேலட்டைகளோடு ஒப்பிட்டுக் காண்டல் எளிது.

இத்தொடர் இலக்கண நோக்கிலும் கருதத்தக்கது. ‘பாகவதரது கிராப்பு’ என விரியுங்கால் இஃது ஆறாம் வேற்றுமைத் தொகை. ஊர் இளைஞர் ஒருவரின் தலையைச் சுட்டுங்கால், ‘பாகவதரது போலும் கிராப்பு’ என விரிந்து உவமைத்தொகைப் பொருள் தருகிறது. ஒருவர்க்கே உரியதாய் இருந்த ஒன்று பலர்க்கும் உரியதாதலே புதுப்பாங்கு எனப்படுவதாயின், அந்நிகழ்ச்சி முழுதும் இத்தொகையின் பொருள் மாற்றத்துள் அடங்கிக் கிடக்கிறது எனலாம். மேலும், ‘கிராப்பு’ ஆங்கிலச் சொல்லின் திரிபு. குடுமி களைந்து கிராப்பு வைத்தல் பல இல்லங்களில் தந்தைக்கும் மைந்தனுக்கும் இடையே பூசலை விளைத்த செயல். அப்பூசல் கண்ட தலைமுறை, பாகவதர் 1959இல் மறைந்த பின்னும் அச்சொல்லை மறக்கவில்லை.

மகளிர் நினைவிலும் பாவாடை தாவணி, இரட்டைச் சடை, பஃப் கை வைத்த இரவிக்கை, நைலான் புடவை என ஒரு சொல்வரிசை தொடர்ந்து வருகிறது. இவற்றுள் எது தமிழ், எது கடன் என்பதை மட்டும் நோக்கி அமைதல் போதாது. எச்சொல் எவ்வகைக் குடும்பத்தில், எக்காலத்தில் புகுந்தது என்பதை ஆராய இச்சொற்களைச் சொன்னவாறே பதிவு செய்தல் இன்றியமையாதது.

கேட்டலும் படித்தலும்

பாட்டுப் புத்தகத்தின் பயன் கொட்டகையோடு முடியவில்லை. 1952 முதல் 1962 வரை நடுவணரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராய் விளங்கிய பி.வி. கேஸ்கர் காலத்தில், அனைத்திந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரிதும் குறைக்கப்பட்டன. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கும் வரை அவ்வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. தமிழ்நாட்டுச் சிற்றூர் இளையோர் பலர் தம் பாட்டைக் கொழும்பிலிருந்து கேட்டனர். ஊராட்சி மன்ற வானொலிப் பெட்டியின் முன் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒலிக்கும் சொல்லோடு அச்சுச் சொல்லை ஒப்பிட்டதாகக் கூறுவோர் உளர். அவர்கள் தம்மை அறியாமலே பாடவேறுபாடு கண்டவர்களாவர்.

பாடவேறுபாடு உண்மையில் இருத்தல் கூடும். படம் வெளியாகும் நாளிலேயே விற்கப் புத்தகம் முன்னரே அச்சேறவேண்டும். இசைத்தட்டோ ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று மணித்துளி அளவே கொள்ளும். திரையில் வருவது இவ்விரண்டிற்கும் வேறுபடலாம். உடுமலை நாராயணகவி, பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம், கண்ணதாசன் முதலியோர் பாடல்களுக்குச் செம்பதிப்புக் காண விழைவோர் திரை, தட்டு, புத்தகம் என்னும் மூன்றையும் ஒப்பிடுதல் கடனாகும். 29 ஆண்டுகளே வாழ்ந்து 1959இல் மறைந்த கலியாணசுந்தரத்தின் பாடல்களைப் பொறுத்தவரை, இக்கடன் இரட்டித்ததாகும்.

ஒரு படியும் இரு நினைவுகளும்

இம்முறையை எம் இல்லத்திலேயே ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தோம். அதனை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

எம் அன்னையார் 1947இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பாட்டுப் புத்தகம் ஒன்று பல்லாண்டாக இருந்து வந்தது. படம் 1940களில் வந்தது. அதன் பெயர் இவ்வாராய்ச்சிக்கு வேண்டா. தம் எட்டாம் வயதில், கொட்டகைக்குத் தோளில் தூக்கிச் சென்ற தந்தையார் இரண்டணாக் கொடுத்து அதனை வாங்கித் தந்தார் என்பது அன்னையார் எமக்குச் சொல்லி வந்த செய்தி. எம் பாட்டனார் 1956இல் காலமானார். அவர் கையாற் பெற்ற பொருள் என அன்னையாரிடம் எஞ்சியிருப்பது அதுவொன்றே.

பட்டியல் எடுக்கும் பொருட்டு அப்புத்தகத்தை நோக்கியபோது, பின்னட்டையில் ‘விலை 12 நயா பைசா’ என்று இருக்கக் கண்டோம். முத்திரையன்று, அச்சே. 1957க்கு முன் அஃது அச்சாகியிருத்தல் இயலாது. எனவே பாட்டனார் வாங்கியதாதலும் இயலாது.

இதனை அன்னையாரிடம் கூறுவதா வேண்டாவா எனச் சில நாள் தயங்கினோம். ஆராய்ச்சி முறையால் ஒருவரது உடைமையைப் பறித்தல் அறமாகுமா என்னும் எண்ணம் எம்மைத் தடுத்தது. முடிவில் கூறினோம். அவர் புத்தகத்தை வாங்கி நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். பிறகு, தந்தையார் வாங்கித் தந்த புத்தகம் ஒரு கார்த்திகை மழையில் ஓட்டு ஒழுக்கலில் நனைந்து ஊறிப்போயிற்று என்றும், தாம் அழுதமையால், அதே படம் மீண்டும் ஊருக்கு வந்தபோது தமையனார் வேறொன்று வாங்கி வந்து கொடுத்தார் என்றும் கூறினார். “எனக்கு இரண்டும் ஒன்றுதானப்பா” என்றார்.

இங்குப் புத்தகம் பொய் கூறவில்லை. நினைவும் பொய் கூறவில்லை. புத்தகம் படியின் காலத்தைக் கூறிற்று; நினைவு மூலத்தைப் போற்றி வைத்திருந்தது. நினைவைப் பிழையென்று தள்ளியிருப்போமாயின், 1955 அளவில் அப்படம் அவ்வூருக்கு வந்தது என்பதையும், 1957க்குப் பின் மீண்டும் வந்தது என்பதையும், மறுபதிப்பு வாங்கப்பட்ட காரணத்தையும் இழந்திருப்போம். இவை எந்த ஆவணத்திலும் இல்லாதவை. புத்தகத்தை நோக்காது நினைவை மட்டும் ஏற்றிருப்பினும், அவற்றை இழந்திருப்போம். ஒன்று மற்றொன்றை மறுத்த இடத்தில் வினவியதனாலேயே புதுச்செய்தி கிடைத்தது.

முடிவுரை

இதனால் ஆராய்ச்சியாளர் கொள்ளத்தக்க நெறி ஒன்று பெறப்படுகிறது. முதியோரிடம் வெறுங்கையோடு சென்று இளமையைப் பற்றிக் கேட்டலினும், அக்காலப் பாட்டுப் புத்தகத்தைக் கையிற் கொடுத்துக் கேட்டல் நன்று. அவர் கூற்று அச்சோடு முரணுமிடத்தில் திருத்த முற்படாது, முரண் எவ்வாறு வந்தது என மேலும் வினவுதல் வேண்டும். கேட்ட சொற்களை, பஃப் கை முதலாகக் கிராப்பு ஈறாக, அவர் சொன்ன வடிவிலேயே எழுதுதல் வேண்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனியொருவராய்த் திரைச்செய்திகளைத் தொகுத்தார். ஊர்தோறும் பெட்டிகளில் இன்னும் எஞ்சியவற்றைத் திரட்டும் பணி தமிழ்த்துறைகளைச் சார்ந்தது. அத்தாள் மலிவானது, தொட்டால் நொறுங்கும் நிலையை எய்திவிட்டது. 1947இல் பிறந்தோர் எண்பதை அணுகுகின்றனர். புத்தகம் மட்டும் எஞ்சி நினைவு மறையினும், நினைவு எஞ்சிப் புத்தகம் மறையினும், சான்று பாதியே. இரண்டும் ஒருங்கே இருக்கும் காலம் இதுவே. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்துப் பெட்டியிலிருந்தும், தம் பாட்டியாரிடமிருந்தும் இப்பணியைத் தொடங்குவாராக.