பண்ணைப்புரத்துக்குக் கொழும்புதான் கிட்டக்க

மேப்பை விரித்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைப்புரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 430. நடுவில் கடலும் பாஸ்போர்ட்டும் இருப்பதால் பஸ் பிடித்துப் போகிறவருக்கு இந்தக் கணக்கால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ரேடியோ அலைக்கு உண்டு. ஐம்பதுகளில் தொடங்கி எண்பதுகளின் முற்பகுதி வரை கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது சாய்ந்தால் பாட்டு கொழும்பிலிருந்துதான் வந்தது. உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று மலையடிவாரத்தில் நீளும் ஊர்களில் ‘இலங்கை வானொலி’ என்று முழுப்பெயர் சொன்னவர்கள் குறைவு. ‘சிலோன் வையி’ என்றால் போதும், கை தானாக அந்த முள்ளுக்குப் போய்விடும்.

தூரத்து வானொலிமேல் இந்த ஏக்கம் நமக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அறுபதுகளில் பதின்வயதில் இருந்தவர்களைக் கேட்டால், சிகாகோவின் டபிள்யூஎல்எஸ், நியூயார்க்கின் டபிள்யூஏபிசி போன்ற 50 கிலோவாட் நிலையங்களை, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு சிற்றூரில் போர்வைக்குள் வைத்துக் கேட்ட கதையைச் சொல்வார்கள். ‘டாப் ஃபார்ட்டி’ என்ற நாற்பது பாட்டுப் பட்டியல்தான் அவர்களுடைய வேதம். ஆனால் நம் கதைக்கு நெருங்கிய உறவு லக்சம்பர்க். அந்தக் குட்டி நாட்டின் வணிக வானொலி, 208 மீட்டர் அலையில், இரவானதும் பிரிட்டன் முழுக்கக் கேட்டது. சொந்த ஊர் பிபிசி இளவட்டங்களின் பாட்டை அளந்து அளந்து போட்டதால் பிள்ளைகள் அடுத்த நாட்டுக்குத் தாவினார்கள். பெரிய நாட்டின் அரசு வானொலி விறைத்துக்கொண்டு நிற்க, பக்கத்துச் சின்ன நாடு கடை விரித்தது. இங்கேயும் அதுதான் நடந்தது.

விறைப்புக்குப் பெயர் பி.வி.கேஸ்கர். 1952இல் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானவர், பத்தாண்டு அந்த நாற்காலியில் இருந்தார். சாஸ்திரிய சங்கீதத்தில் மெய்யான பற்றுள்ள மனிதர். சினிமாப் பாட்டு மட்டும் ஆகாது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் நேரம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று பெயரையும் விட்டார்கள். படத்தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு பாட்டை ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். கொழும்பில் 1950 செப்டம்பரிலேயே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. கையில் வலுவான கருவியும் இருந்தது. இரண்டாம் உலகப் போரையொட்டி, மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைகளுக்காக இலங்கையின் எக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர், போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. சிப்பாய்களுக்காகக் கட்டியது சினிமாப் பாட்டுக்கு உதவியது. இந்திக்காரர்களுக்கு 1952இன் கடைசியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ கிடைத்தது. தமிழுக்கு அறிவிப்பாளர் எஸ்.பி.மயில்வாகனம் கிடைத்தார். தில்லி விழித்துக்கொண்டு விவித பாரதியைத் தொடங்கியபோது 1957 அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் தெற்கத்தி ஜனங்களின் காது கொழும்புத் தமிழுக்குப் பழகியிருந்தது.

படத்தின் பெயரை மட்டுமா சொன்னார்கள்? படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நாலு பெயரும் பாட்டுக்கு முன்னால் வரும். பள்ளிக்கூடம் பார்க்காத கிழவிக்கும் இது டி.எம்.எஸ்., இது சீர்காழி, எழுதியது கண்ணதாசன் என்று தெரிந்ததென்றால், அந்த நாலு பெயரின் பங்கு அதில் பெரிது. சினிமாப் பாட்டைக் கலையாக மதிக்க மாட்டேன் என்றது தில்லி. பல்பொடி விற்றுப் பிழைத்த ஒரு வணிக நிலையம் கலைஞனின் பெயரை முறையாகச் சொல்லி மரியாதை செய்தது. வணிகத்தை ஒரேயடியாகத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

மத்திய அலையில் ஏன் இரவில் அவ்வளவு தெளிவு? பகலில் வெயிலின் கதிர் பட்டு, தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மின்னேற்றம் பெற்று ஓர் அடுக்காக நிற்கும். மேலே போகும் மத்திய அலையை அது விழுங்கிவிடும். எஞ்சுவது தரையை ஒட்டி வரும் அலை. கடல் நீர்மேல் அது சுளுவாக ஓடிவரும். கரையேறியதும் மூச்சு வாங்கும். அதற்குமேல் கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பு வேறு. மேற்கே கேரளத்து மலை, கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும். கொழும்பு அலைக்கு நேர் குறுக்கே மலைச்சுவர். பொழுது இறங்கினால் அந்த விழுங்கும் அடுக்கு கலைந்துபோகும். அதற்கும் மேலேயுள்ள அடுக்குகளில் பட்டு அலை திரும்பித் தரைக்கு வரும். மலையைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை, வானத்திலிருந்தே இறங்குகிறது. இரண்டு மூன்று வழியாக வந்து சேரும் அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்போது பாட்டு தேய்ந்துபோய், அடுத்த அடியில் ஓங்கி எழும். சரணத்தின் பாதியைக் காற்று தின்றுவிடும். அதை நாமே பாடி நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

டிரான்சிஸ்டர் பெட்டிக்குள் மத்திய அலைக்கென்று ஒரு ஃபெரைட் கம்பி படுத்திருக்கும். நிலையம் இருக்கும் திசைக்கு அது குறுக்கே நின்றால்தான் நன்றாக இழுக்கும். இந்த விதி தெரியாமலே பெண்கள் பெட்டியைக் கால்வாசி, அரைக்கால்வாசி திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து ஒரு நிலைக்கு வந்திருப்பார்கள். பண்ணைப்புரத்துக்குக் கொழும்பு தென்கிழக்கு, அதாவது அக்கினி மூலை. பெட்டியின் முகமோ முதுகோ அந்த மூலையைப் பார்த்தால் சிலோன் எடுக்கும். அடுப்பு இருக்கும் மூலையும் அதுவேதான். சமைக்கிற பெண்ணுக்கு எதிரே பெட்டி வைக்க வாஸ்துவும் இயற்பியலும் ஒத்துப்போனது இந்தப் பள்ளத்தாக்கின் அதிர்ஷ்டம்.

அதற்கு முந்தின வால்வு செட் வேறு ஜாதி. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று மரப்பெட்டிகள். போட்டதும் பாடாது, சூடேற நேரம் எடுக்கும். கூரையிலிருந்து ஏரியல் வலை தொங்கும். வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள ஆண்டுக்கு 15 ரூபாய் லைசென்ஸ். தபாலாபீசில் கட்டி, புத்தகத்தில் முத்திரை ஒட்டி வாங்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது. எல்லா வீட்டிலும் ரேடியோ இருந்ததுபோல் இன்று பேசுகிறோம். இல்லை. பஞ்சாயத்து ரேடியோ இருந்தது, டீக்கடை ரேடியோ இருந்தது, வசதியான வீட்டுத் திண்ணை இருந்தது. எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், எந்தக் கிளாசில் யார் குடிக்கலாம் என்று கணக்குப் பார்த்த காலம். சத்தத்துக்கு மட்டும் அந்தத் தடை போட முடியவில்லை. மேலத்தெரு ரேடியோ கீழத்தெருவுக்கும் பாடியது.

டிரான்சிஸ்டர் மலிவானபிறகு ரேடியோ வீட்டைவிட்டு வெளியே வந்தது. ராத்திரி கரண்டுக்குக் காத்திருந்து தண்ணீர் கட்டுகிறவன் மோட்டார் ரூம் வாசலில் தொங்கவிட்டான். களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்தவன் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். மலைக்கு ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போனவர்கள் துண்டில் சுற்றி எடுத்துப்போனார்கள். பேட்டரிக் கட்டை தீர்ந்துபோகும் தறுவாயில் குரல் கம்மும். கட்டையைக் கழற்றி வெயிலில் காயவைத்தால் இன்னும் இரண்டு நாள் ஓடும் என்பது எல்லாரும் அறிந்த வைத்தியம்.

நிகழ்ச்சிகளின் பெயர்களை இன்றும் அறுபது தாண்டியவர்கள் மந்திரம்போல் சொல்வார்கள்: காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு ‘நீங்கள் கேட்டவை’, ‘இசையும் கதையும்’, ‘திரைவிருந்து’, ‘பாட்டுக்குப் பாட்டு’. டாப் ஃபார்ட்டிக்கு நேரான தம்பி ‘இசைத்தேர்தல்’. அமெரிக்கப் பட்டியலுக்கு இசைத்தட்டு விற்பனை ஆதாரம். நம் பள்ளத்தாக்கில் இசைத்தட்டு வாங்கியவர் யார்? மைக் செட்காரர் ஒருவர்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைக்குக் குழாய் கட்டுகிறவர். ஆகவே இங்கே விற்பனைக் கணக்கு ஊர் ரசனையைக் காட்டாது. தபால் கார்டு காட்டும். நேயர்கள் எழுதிப்போட்ட கார்டுதான் ஓட்டு. பத்துக் கார்டு எழுதத் தெம்புள்ள ரசிகர் மன்றத்துக்காரன் பத்து ஓட்டுப் போட்டிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உள்ளாட்சித் தேர்தலைவிட அது ஒன்றும் மோசமில்லை. கடல் தாண்டி ஒரு குரல் நம் ஊரின் பெயரை உச்சரித்தால், அதை எழுதியவன் மறுநாள் டீக்கடையில் நடக்கிற நடையே வேறு.

அறிவிப்பாளர்களின் குரல்களும் அப்படி. பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா. ராஜாவின் வேகம் தனி. மூச்சுவிடாமல் கொட்டினாலும் ஓர் எழுத்து சிதையாது. ளகரமும் ழகரமும் அதனதன் இடத்தில் விழும். அவர் மணி சொன்னால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். 1996இல் இலங்கை தன் நேரத்தை மாற்றும்வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான்.

பண்ணைப்புரத்தின் கதையை எடுத்தால் அந்த வீட்டைத் தொடாமல் போக முடியாது. 1943இல் அங்கே பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனோடு 1958 முதல் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு நின்றவர். ஊர் ஊராகப் போன அந்தக் குழு, மக்களுக்கு ஏற்கெனவே பிடித்துப்போன சினிமா மெட்டுகளில் கட்சியின் சொற்களை ஏற்றிப் பாடியது. புது மெட்டு சூடாக இருக்கும்போதே மேடையேற வேண்டும். இதை வைத்துப் பார்த்தால் அந்த வீட்டு ரேடியோவைப் பொழுதுபோக்குச் சாமான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது தொழிற்கருவி. அறுபதுகளின் கடைசியில் பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது, அம்மா சின்னத்தாயம்மாள் அந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணத்தைக் கையில் கொடுத்தார். இளையராஜாவே பலமுறை சொல்லிக் கேட்ட செய்திதான். கேட்பவர்கள் தாயின் தியாகத்தை நினைத்து நெகிழ்கிறார்கள், சரி. விற்றது எதை என்பதையும் கொஞ்சம் பாருங்கள். நிலமில்லை, நகையில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு விலைபோகிற பண்டம் ஒரு ரேடியோதான்.

இன்னொரு வேடிக்கை. அவர்கள் கையில் இருந்த ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940இலேயே தடை போட்டிருந்தது. கமகம் வராத வெள்ளைக்காரப் பெட்டி என்பது குற்றச்சாட்டு. எழுபதுகளின் தொடக்கத்தில்தான் அந்தப் பிடி தளர்ந்தது. சினிமாப் பாட்டும் ஆகாது, ஆர்மோனியமும் ஆகாது என்று தில்லி ஒதுக்கிய இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பண்ணைப்புரத்திலிருந்து ஒருவர் கிளம்பினார். 1976இல் அவர் இசையில் ‘அன்னக்கிளி’ வந்தது. அடுத்த ஆண்டு, பண்ணைப்புரத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது அந்தச் சகோதரர்களுக்கு நண்பரான அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’. மலையடிவாரத்து மெட்டு சென்னையில் பதிவாகி, கொழும்புக்குப் போய், இரவில் வான்வழியாக மறுபடி மலையடிவாரத்தில் இறங்கியது. மற்ற ஊர்கள் ‘அன்னக்கிளி’யைப் புதுப் பாட்டாகக் கேட்டன. பண்ணைப்புரத்துக்காரர்கள் தங்கள் நடவுப் பாட்டின் சாயலையும் தாலாட்டின் சாயலையும் கொழும்பு அறிவிப்பாளரின் வாயால் பெயர் சொல்லக் கேட்டார்கள். இதற்கு நேரான ஓர் அனுபவம் சிகாகோவைக் கேட்ட எந்த ஊருக்கும் வாய்த்திருக்குமா, தெரியவில்லை.

முடிவு ஒரே அடியில் வரவில்லை. டேப்ரிக்கார்டர் வந்தது, காலி கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்துதரும் கடைகள் கம்பத்திலும் தேனியிலும் முளைத்தன. கொடைக்கானல் கோபுரத்தால் டிவி வந்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. தமிழன் என்பதற்காக ஆளைக் கொன்ற ஊரிலிருந்து தமிழில் பாட்டு வந்தால் முன்னைப்போல் கேட்க மனசு வருமா? நேற்றுவரை பாட்டுக்காகத் திருப்பிய முள்ளைச் செய்திக்காகத் திருப்பினார்கள். கே.எஸ்.ராஜா பின்னாளில் கொலையுண்டார். ராஜேஸ்வரி சண்முகம் 2012இல் காலமானார். அப்துல் ஹமீது ‘பாட்டுக்குப் பாட்டை’ சன் டிவிக்குக் கொண்டுவந்தபோது அவர் முகத்தை முதன்முறை பார்த்தவர்களில் பலருக்குச் சின்ன ஏமாற்றம். குரலுக்கு அவர்கள் மனசில் வரைந்து வைத்திருந்த முகம் வேறு.

இப்போது பள்ளத்தாக்கில் கொடைப் பண்பலை 100.5 கேட்கிறது. செல்போனில் மத்திய அலை எடுக்காது, அதில் ஃபெரைட் கம்பி கிடையாது. பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கித் தூசி தட்டிப் போட்டுப்பார்த்து, ‘ஒண்ணும் எடுக்கல, செட்டு போச்சு’ என்று திரும்ப ஏற்றிவைக்கிறார்கள். பெரும்பாலும் செட்டில் கோளாறு இருக்காது. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து மத்திய அலையில் ஓயாமல் இரைகின்றன. மெயினை அணைத்துவிட்டு, கட்டை போட்டு, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் முள்ளை மெதுவாக நகர்த்தினால் இரவு எட்டு மணிக்குமேல் ஏதாவது அகப்படும். என்ன, பத்து நிமிஷம் ஃபேன் இல்லாமல் இருக்க வீட்டில் சம்மதிக்க வேண்டும்.