இயங்கும் பழமைக்கு விலை யாது?

பழம்பொருள் விற்போர் பெரும்பாலும் பழமையையே விற்கின்றனர்; பயனை விற்பதில்லை. வெண்கலக் குத்துவிளக்கை விற்பவன் அதனை ஏற்றிக் காட்டவேண்டுவதில்லை. பழைய நாணயத்தை விற்பவனிடம், அதனைக் கொடுத்து அரிசி வாங்கலாமா என எவரும் வினவுவதுமில்லை. ஆயின், பழமையும் பயனும் ஒருங்கே விலைபேசப்படும் பண்டம் ஒன்று நம் காலத்திலே தோன்றியுள்ளது. இயங்கும் நிலையிலுள்ள பழங்கணனியே அது. அதனை வீட்டிலே சேர்த்துவைத்தோர் பலர் இன்று முதுமை எய்தி, விற்பனைக்கு வைக்கத் தொடங்கிவிட்டனர். இவ்விற்பனை வெறும் வாணிகம் அன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஏட்டுச்சுவடிக்கு இளமைப் பருவம்; கணனிக்கோ அது மூப்பின் எல்லை. 1976 ஆம் ஆண்டிலே ஸ்ரீவ் வொஸ்னியாக் வகுத்தமைத்த அப்பிள்-1 என்னும் கணனி 666 டொலர் 66 சதத்துக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறே செய்யப்பட்டன. அவற்றுள் இயங்கும் நிலையிலிருந்த ஒன்றை 2014 ஒக்ரோபர் மாதத்திலே நியூயோர்க் ஏலமொன்றில் ஹென்றி போர்ட் நூதனசாலையார் 905,000 டொலருக்கு வாங்கினர். இச்செய்தியைக் கேட்டுத் தம் வீட்டுப் பரணை ஆராயப் புகுவோர் சற்றே பொறுத்தல் நன்று. 1982 இல் வெளிவந்த கொம்மடோர் 64 இலட்சோப இலட்சமாக விற்பனையான கணனி. அது பலரிடமும் உண்டு. ஆதலால் அதன் விலையும் பலர்க்கும் எட்டுவதே. அருமைப்பாடு விலையை ஆக்குகின்றது. இயக்கம் அதனை உயர்த்துகின்றது.

அவ்வியக்கம் பற்றிய சொற்களிலேதான் விற்போரின் வாய்மை அளந்தறியப்படும். விற்பனை விளம்பரங்களிலே மூன்று தொடர்கள் வழங்குகின்றன: 'இயங்குகின்றது', 'சோதிக்கப்படவில்லை', 'உதிரிப்பாகங்களுக்கு மட்டும்'. இம்மூன்றனுள் நடுவிலுள்ளதே ஐயத்துக்கிடமானது. மின்சாரம் கைக்கெட்டும் தூரத்திலிருக்க, ஒருவர் தம் பொருளைச் சோதியாது விற்பாராயின், சோதித்தபின்னரே அவ்வாறு எழுதினாரோ என வாங்குவோர் எண்ணுவது இயல்பன்றோ?

எனினும், நெடுங்காலம் உறங்கிய கணனிக்கு உடனே மின்சாரம் பாய்ச்சுவதும் அறிவுடைமை ஆகாது. கொம்மடோர் 64 இன் மின்வழங்கியை எடுத்துக்கொள்வோம். அது பிசினால் அடைக்கப்பட்ட பெட்டி. திறந்து பழுதுபார்த்தல் அரிது. மூப்பினால் அது கெடும்போது, ஐந்து வோல்ற்றாக நிற்கவேண்டிய அழுத்தம் மேலேறி, கணனியின் நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். நேற்றுவரை நன்றாயிருந்த கணனி, தனக்கு உணவளித்த கையினாலேயே மாய்கின்றது. ஆதலால் வோல்ற்றுமானியால் அளந்த பின்னரே இணைத்தல் வேண்டும். புதிய மின்வழங்கி ஒன்றைச் சேர்த்து விற்பது அதனினும் சிறந்தது. 1981 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே ஏகோண் நிறுவனத்தார் செய்த பி.பி.சி. மைக்றோ கணனியிலோ, மின்வழங்கியிலுள்ள கொள்ளளவிகளின் மேலுறை காலத்தால் வெடித்து ஈரத்தை உட்கொள்ளும். பின்னர் ஒருநாள் ஆளியை இட்டதும் கடுநாற்றத்தோடு புகையெழும். கணனி பெரும்பாலும் பிழைத்துவிடும். வாங்கியவரின் நம்பிக்கை பிழைப்பதில்லை.

இவையனைத்தினும் கொடியது மின்கலம். நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்தற்காகச் சுற்றுப்பலகையிலே பொருத்தப்பட்ட சிறு மின்கலம், ஆண்டுகள் கழிந்தபின் காரநீரைக் கசியவிட்டுச் செப்புத் தடங்களை அரித்துவிடுகின்றது. அமீகா 2000 போன்ற கணனிகள் பல இவ்வாறே அழிந்தன. வெளியே கீறலின்றிப் பொலியும் பெட்டியுள்ளே இவ்வரிப்பு நிகழ்வதனால், விற்பவர் பெட்டியைத் திறந்து, மின்கலத்தை நீக்கி, உள்ளிருப்பதைப் படம்பிடித்துக் காட்டுதல் கடமையாகும். வெளியுறை மஞ்சளித்தலோ குற்றமன்று. தீப்பிடியாமைக்காகப் பிளாஸ்ரிக்கில் சேர்க்கப்பட்ட புறோமீன் சேர்வைகளும் ஒளியும் காலமும் கூடி விளைக்கும் நரையே அது.

இவ்வளவு தொல்லை எதற்கு எனச் சிலர் வினவலாம். பழங்கணனியின் நடத்தையை அவ்வாறே ஒப்பச் செய்யும் செய்நிரல்கள் இன்றைய கணனிகளில் உள்ளன. பழைய விளையாட்டையும் பழைய எழுத்துருவையும் அவற்றிலேயே காணலாமே என்பது அவர்தம் வாதம். அது புறந்தள்ளத்தக்க வாதமன்று. அதற்கு விடையளிக்க வல்லவர் ஒருவர் இருந்தார். அவரே மைக்றோசொப்ற் நிறுவனத்தைப் பில் கேற்ஸுடன் கூடித் தோற்றுவித்த போல் அலன்.

1975 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஓல்ரெயர் 8800 என்னும் சிறு கணனி வெளிவந்தது. அதற்கு பேசிக் மொழியை ஆக்கித்தர முன்வந்த இவ்விளைஞர் இருவரும் அக்கணனியைக் கண்ணாலும் கண்டதில்லை. ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலிருந்த பி.டி.பி.-10 என்னும் பெருங்கணனியை ஓல்ரெயரின் சில்லுப்போல நடக்கச் செய்யும் செய்நிரல் ஒன்றை அலன் எழுதினார். அதன்மேலேயே பேசிக் உருவாயிற்று. பின்னர்த் துளையிட்ட தாள்நாடாவுடன் அவர் அல்புக்கேர்க்கி நகருக்குச் சென்று மெய்யான ஓல்ரெயரில் இட்டபோது அது பிழையின்றி ஓடிற்று. ஒப்பச் செய்தலின் ஆற்றலை அவரினும் அறிந்தார் யார்? அவ்வலனே பிற்காலத்தில் மெய்யான பழங்கணனிகளைத் தேடித் தொகுத்தார். 2012 இல் சியாற்றில் நகரிலே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அவரது நூதனசாலையில் அவை கண்ணாடிப் பேழையுள் உறங்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தன. வந்தோர் விசைகளைத் தட்டினர். தொலைவிலுள்ளோர் இணையவழி அப்பெருங்கணனிகளுட் புகுந்து பணியாற்றினர். போலியைச் செம்மை செய்தற்கும் மூலமே உரைகல் என்பதனை அவர் செயல் உணர்த்திற்று.

ஆயின் 2018 ஒக்ரோபரில் அலன் காலமானார். 2020 இல் பெருந்தொற்றை முன்னிட்டு மூடப்பட்ட நூதனசாலை மீண்டும் திறக்கப்படவில்லை. 2024 இல் அவர் தொகுப்பிலிருந்த பொருள்கள் பல கிறிஸ்ரீஸ் ஏலத்துக்கு வந்தன. 1971 ஆம் ஆண்டுப் பி.டி.பி.-10 கணனி ஒன்றும் அவற்றுள் அடங்கும். வருவாய் அறப்பணிகளுக்கே என அறிவிக்கப்பட்டது. அதில் குறைகூற ஒன்றுமில்லை. அவருடைய ஓவியங்களும் 2022 இல் ஏலத்தில் நூற்றைம்பது கோடி டொலருக்கு மேல் விலைபோயின. ஓவியம் எச்சுவரில் தொங்கினும் ஓவியமே. அறைநிறைந்த கணனியோ, அதனை ஓட்டத் தெரிந்தவரையும் உடன்பெற்றாலன்றி இரும்புப் பேழையாகவே நின்றுவிடும். ஏலத்தில் இயந்திரத்துக்கு விலை கூறலாம். அதனை இயக்கும் கைப்பழக்கத்துக்கு விலை கூறுவார் எவர்?

செல்வம் மிக்க ஒருவரின் தொகுப்பே இவ்வாறு சிதறுமாயின், எளியோர் வீட்டுத் தொகுப்புக்குக் காவல் ஏது? இலங்கையிலும் இத்தகைய கணனிகள் பயன்பட்டன. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1983 இல் கொழும்பிலிருந்தே, கேப்புறோ கணனியின் துணையால், தம் நாவலைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹயம்ஸுடன் அமெரிக்காவுக்கு மடல் பரிமாறினார். அத்தகைய கணனிகளுள் நம் நாட்டில் எஞ்சியவை, உடையவர் மறைந்ததும் பழைய இரும்போடு இரும்பாக நிறுக்கப்படுதல் கூடும். மக்கள் மீது குற்றமில்லை. அதன் அருமையை அவர்க்கு எவரும் சொல்லிவைக்கவில்லை.

ஆகவே, தொகுத்தவர் தாம் வாழும் நாளிலேயே, கையும் நினைவும் தளருமுன்னரே விற்றல் சாலச் சிறந்தது. இயக்கும் முறையை ஒரு தாளில் எழுதி உடன்வைத்தல் வேண்டும். கையேடும் தட்டுகளும் கணனியைப் பிரிதலாகாது. வன்தட்டிலுள்ள சொந்த மடல்களையும் கணக்குகளையும் அழித்தல் வேண்டும். இயக்கத்துக்குரிய செய்நிரலை அழித்தலாகாது. அனுப்புங்கால் கனத்த திரையைக் கணனியின்மேல் ஏற்றாது தனிப்பெட்டியிலிட்டு, அப்பெட்டியை இன்னொரு பெட்டியுள் வைத்தல் தகும். பழைய பிளாஸ்ரிக் சருகுபோல் நொறுங்கும். வாங்க வருபவர்முன் ஒருமுறை இயக்கிக் காட்டி, அவர் கையாலும் ஒருமுறை இயக்குவித்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

அதிக விலை தருவாரும், குறைந்த விலை தந்து அதனை நாள்தோறும் இயக்குவாரும் ஒருங்கே வருவராயின் யாருக்குக் கொடுப்பது? பணமுடை உள்ளவர் முன்னவருக்குக் கொடுத்தல் பழியன்று. அம்முடை இல்லாதவர் பின்னவரைத் தேர்வாராக. விலையில் அவர் விட்டுக்கொடுத்த சிறு தொகையே, அக்கணனி இன்னும் பல்லாண்டு இயங்குதற்கு அவர் செலுத்திய காணிக்கை ஆகும்.