உங்களுக்குத் தெரியுமா? விலைக்கு வந்த விளம்பர வண்டி

அமெரிக்காவின் புகழ்பெற்ற லயனல் பொம்மை ரயில் பிள்ளைகளுக்காகப் பிறந்ததல்ல, கடை விளம்பரத்துக்காக! 1901-இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன், மோட்டார் பொருத்திய ஒரு திறந்த பெட்டியை வட்டத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சரக்கோடு அது சுற்றிவந்தால் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள் என்பது கணக்கு. நின்றார்கள். ஆனால் சரக்கை விட்டுவிட்டு வண்டிக்கு விலை கேட்டார்கள்!

லயனல் தண்டவாளத்தின் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி ஓடும். நிஜ ரயில்பாதை போல இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் மின்சாரம் நடுக்கம்பியில் வந்து ஓரக் கம்பிகள் வழியே திரும்புவதால், பாதையை வளைத்து அதே பாதையில் கொண்டுவந்து சேர்த்தாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகாது. இரண்டு கம்பிப் பாதையில் அப்படிச் சேர்த்தால் ஆகிவிடும்.

1957-இல் சிறுமிகளுக்கென்று இளஞ்சிவப்பு எஞ்சினுடன் ஒரு செட் வந்தது. சீந்துவார் இல்லை. இன்றோ சேகரிப்பாளர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள், போலிகளும் உலவுகின்றன.

பழைய வண்டி கிடைத்தால் உடனே பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். கீறல் விழுந்த அசல் பூச்சுக்குத்தான் பெரும்பாலும் மதிப்பு அதிகம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால் அவை உப்பி, விரிசல் விட்டு உதிரும். அதற்கு வைத்தியம் கிடையாது. பாகத்தையே மாற்ற வேண்டும்.